அறியப்படாத ஊர் வரலாற்றைத் தேடி எழுதுதல்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியில் தொடங்குவோர்க்கு ஒரு வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் வரலாறு என்று பொதுவாக எழுதப்படுவது, ஔவைக்கு அதியமான் அளித்த நெல்லிக்கனியில் தொடங்கி, 1925-இல் பாப்பாரப்பட்டியில் மறைந்த சுப்பிரமணிய சிவாவையும் தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜியையும் தொட்டு, ஒகேனக்கல் அருவியோடு முடிந்துவிடுகிறது. இவற்றுக்கு இடையில் வயல் வரப்புகளிலும் புளியந்தோப்புகளிலும் நிற்கும் நடுகற்கள் (இறந்த வீரர் நினைவாக நட்ட கற்கள்), மல்லச்சந்திரத்துக் கல்திட்டைகள் (பலகைக் கற்களால் அமைத்த பழைய ஈமச் சின்னங்கள்), மல்லப்பாடியின் பாறை ஓவியங்கள், மொரப்பூரிலிருந்து ஓசூர் வரை ஓடி மறைந்த குறும்பாதை ரயில் என்று எத்தனையோ செய்திகள் உள்ளன. அவை அந்தந்த ஊரைத் தாண்டிப் பெரிதாக அறியப்படவில்லை. வரலாற்றுப் பட்டமோ தொல்லியல் பயிற்சியோ இல்லாத ஒருவர் இச்செய்திகளைத் தேடித் தொகுத்துப் பிறருக்குச் சொல்ல விரும்பினால் எந்த வரிசையில் வேலை செய்யலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள். இதில் சொல்லப்படும் எல்லா முறைகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்: நீங்கள் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்தைப் பற்றியும், அது கல்லில் இருந்ததா, பதிவேட்டில் இருந்ததா, ஒருவர் வாய்மொழியாகச் சொன்னதா, உங்கள் ஊகமா என்று கேட்டால், உடனே விடை சொல்ல முடிய வேண்டும்.

முதலில் எல்லையைக் குறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு மாவட்டத்தின் வரலாற்றை எழுதக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் பழைய நூல்களிலிருந்து பத்திகளை எடுத்துத் தைப்பதோடு நின்றுவிடுகிறார்கள். ஒரே ஒரு வருவாய்க் கிராமம், அல்லது ஒரு ஏரியும் அதன் நீர் பாயும் நிலமான ஆயக்கட்டும், அல்லது ஒரு சந்தை என்று எடுத்துக்கொண்டால், புதிதாகச் சொல்ல ஏதேனும் நிச்சயமாகக் கிடைக்கும். எடுத்துக்கொண்ட ஊர் எந்தக் காலத்தில் எந்த நிர்வாகத்தின் கீழ் இருந்தது என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது அடுத்த வேலை. ஆவணம் எங்கே இருக்கும் என்பதை இதுவே தீர்மானிக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. தருமபுரி 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்தது. ஆகவே அதற்கு முந்தைய தாள்களையெல்லாம் சேலம் மாவட்டம் என்ற தலைப்பின் கீழ்தான் தேட வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி உள்ளிட்ட, பாராமகால் எனப்பட்ட பகுதி 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. ஓசூர்ப் பக்கமோ சீரங்கப்பட்டணம் வீழ்ந்த 1799-க்குப் பிறகே வந்தது. பக்கத்துப் பக்கத்து ஊர்களாக இருந்தும் ஒன்றுக்கு ஏழாண்டு முன்னரே கம்பெனிக் கணக்குகள் தொடங்குவதற்கு இதுவே காரணம்.

முன்னோர் பதிந்ததைப் படித்தல்

ஊருக்குள் இறங்குமுன் நூலகத்துக்குப் போவது சலிப்பான வேலைதான். ஆனால் இதைத் தவிர்ப்பதால் நேரும் சங்கடம் அதைவிடப் பெரிது. நாளிதழ்களில் புதிய கண்டுபிடிப்பு என்று வரும் கல்வெட்டுகளில் சில, பல ஆண்டுகளுக்கு முன்பே படியெடுக்கப்பட்டு அறிக்கையில் ஏறியவையாக இருக்கின்றன. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் 1887 முதல் வெளிவந்துள்ளன. அவற்றில் ஊர்ப்பெயர், கல் இருக்கும் இடம், அரசன், ஆட்சியாண்டு, பொருட்சுருக்கம் ஆகியவை ஓரிரு வரிகளில் தரப்பட்டிருக்கும். முழுப் பாடம் வேண்டுமானால் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளையும், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை மாவட்டவாரியாக வெளியிட்ட தொகுதிகளையும் பார்க்க வேண்டும். அத்துறை 1970-களில் வெளியிட்ட செங்கம் நடுகற்கள், தருமபுரிக் கல்வெட்டுகள் ஆகிய நூல்கள் இப்பகுதிக்கு இன்றியமையாதவை. பிற்காலக் கண்டுபிடிப்புகளுக்குத் தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் வெளியிட்டுவரும் ஆவணம் இதழ் உதவும். இவற்றில் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் வீட்டிலிருந்தே படிக்கலாம்.

ஆங்கிலேயர் காலத்துக்கு, லெ ஃபானு தொகுத்து 1883-இல் வந்த சேலம் மாவட்டக் கையேடும், ரிச்சர்ட்ஸ் எழுதி 1918-இல் வந்த சேலம் கெசட்டியரும் தொடக்க நூல்கள். கம்பெனியின் முதல் ஆட்சிப் பொறுப்பாளரான அலெக்சாண்டர் ரீடும், அவரின் கீழ்த் தருமபுரியில் இருந்த தாமஸ் மன்றோவும் நிலம் அளந்து வரி விதித்தபோது எழுதியவை பாராமகால் ஆவணங்கள் என்ற தலைப்பில் அச்சாகியுள்ளன. பயிர், கூலி, சந்தை, தறி, குடிகளின் வரிசை என்று அவற்றில் கிடைக்கும் விவரங்களுக்கு அளவில்லை. ஆனால் அவை வரி வாங்க வந்தவர்கள் எழுதியவை என்பதை ஒவ்வொரு பக்கத்திலும் நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். ஆங்கிலத் தாள்களில் ஒரே ஊரின் பெயர் நான்கைந்து விதமாக எழுதப்பட்டிருக்கும் என்பதால், உங்கள் ஊருக்கு வாய்க்கக்கூடிய எல்லா எழுத்துவடிவங்களையும் பட்டியலிட்டுக்கொண்டு தேடுங்கள்.

களத்தில் பார்த்தல்

படித்த குறிப்புகளோடு ஊருக்குள் நுழையும்போது முதலில் செய்ய வேண்டியது அனுமதி கேட்பது. இப்பகுதியில் நடுகல் என்று நாம் சொல்வது பல ஊர்களில் வேடியப்பன் என்ற தெய்வம். பூசையும் பொங்கலும் நடக்கும் கோயில். ஊர்ப் பெரியவரிடமும் பூசாரியிடமும் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, எண்ணெயும் மஞ்சளும் பூசிய கல்லைத் தொடலாமா என்று கேட்டுக்கொண்ட பிறகே அளவுநாடாவை எடுக்க வேண்டும். மறுத்துவிட்டால், திருவிழா முடிந்தபின் வரலாமா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடலாம். கல் எங்கும் ஓடிவிடாது.

ஒரு நடுகல்லில் பார்க்க வேண்டியவை பல. வீரன் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறான், கையில் வில்லா வாளா, உடலில் அம்பு பாய்ந்திருக்கிறதா, காலடியில் மாடுகள் காட்டப்பட்டுள்ளனவா, அருகில் கெண்டியோ (மூக்குள்ள நீர்க்கலம்) சிமிழோ செதுக்கப்பட்டுள்ளதா என்பவற்றை வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். கீழே போர்க்காட்சி, நடுவில் வானமகளிர் வீரனை ஏந்திச் செல்வது, மேலே அவன் தெய்வ உலகில் இருப்பது என்று அடுக்கடுக்காகச் செதுக்கிய கற்கள், ஒற்றை உருவம் மட்டும் உள்ள பழைய கற்களுக்குக் காலத்தால் பிந்தியவையாகவே பெரும்பாலும் இருக்கும். முழங்கையில் மடித்து உயர்த்திய வளையல் அணிந்த கை தெரிந்தால் அது சதிக்கல், அதாவது கணவனோடு தீப்பாய்ந்த பெண்ணின் நினைவுக்கல். வீரன் புலியோடு பொருதும் காட்சி இருந்தால் புலிகுத்திக்கல். இத்தனையையும் எழுத்து இல்லாத கல்லுக்கும் செய்ய வேண்டும். எழுத்தில்லை என்று விட்டுவிட்டுப் போகும் பழக்கத்தால்தான் பல கற்கள் எந்தப் பட்டியலிலும் ஏறாமல் சாலைப் பணியின்போது காணாமல் போகின்றன.

படம் எடுப்பதற்கு உச்சி வெயில் உதவாது. காலையிலோ மாலையிலோ வெளிச்சம் சாய்வாக விழும்போது எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கும். அந்நேரம் வாய்க்காவிட்டால், இருட்டியபின் ஒரு கைவிளக்கைக் கல்லின் பக்கவாட்டில் பிடித்து, நான்கு திசைகளிலிருந்தும் ஒளி பாய்ச்சித் தனித்தனியாக எடுக்கலாம். முன்புறம், பின்புறம், பக்கங்கள், சுற்றுப்புறம் ஆகியவற்றை அளவுகோலோடு ஒரு முறையும் அளவுகோல் இல்லாமல் ஒரு முறையும் எடுங்கள். உயரம், அகலம், தடிமன், கல் பார்க்கும் திசை, நிற்கும் இடத்தின் புல எண் (சர்வே எண்) ஆகியவற்றை அங்கேயே நோட்டில் எழுதுங்கள். எழுத்து தெரிய வேண்டும் என்று சுண்ணாம்புக்கட்டியால் கோடு இழுப்பது, கம்பித் தூரிகையால் தேய்ப்பது, அமிலம் ஊற்றுவது ஆகியவற்றை ஒருபோதும் செய்யக்கூடாது. சுண்ணாம்புக்கட்டியால் வரைந்த கோடு நீங்கள் படித்ததாக நினைத்த எழுத்தையே காட்டும். அடுத்து வருபவருக்குக் கல்லில் உள்ள எழுத்து தெரியாமல் போய்விடும். ஈரத்தாளை ஒற்றித் தூரிகையால் தட்டி மை ஒற்றும் மைப்படி முறையைத் தெரிந்தவரிடம் பழகிய பிறகே, உரிய அனுமதியோடு செய்ய வேண்டும்.

மண்ணைத் தோண்டவே கூடாது. உழவிலோ கிணறு வெட்டுகையிலோ காசு, பானை, உருவச்சிலை ஏதேனும் வெளிப்பட்டால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை எடுத்தவருக்கு உண்டு. அதைக் கிராம நிர்வாக அலுவலர் அல்லது வட்டாட்சியர் வழியாகச் செய்வது எளிது. கல்வட்டங்களையும் கல்திட்டைகளையும் புதையல் தேடிக் குடைபவர்கள் இப்பகுதியில் ஏற்கெனவே நிறையச் சேதம் செய்திருக்கிறார்கள். பர்கூரை அடுத்த மயிலாடும்பாறையில் முறையான அகழாய்வு நடந்ததால்தான், அங்குக் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை செல்கிறது என்ற கணிப்பை 2022-இல் அறிவிக்க முடிந்தது. அதே மண்ணை யாரேனும் முன்னரே கிளறியிருந்தால் எந்த அடுக்கில் எது கிடந்தது என்பதே தெரியாமல் போயிருக்கும்.

படித்துக் காலம் கணித்தல்

இங்குள்ள பழைய நடுகற்களில் பெரும்பாலும், தமிழை எழுதப் பயன்பட்ட பழைய எழுத்துவகையான வட்டெழுத்தும், பின்னாளையவற்றில் தமிழ் எழுத்தும் இருக்கும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடமும் தெலுங்கும் சேர்ந்துகொள்ளும். வட்டெழுத்தை ஓரளவு எழுத்துக்கூட்டப் பழகுவதற்கு, அச்சில் பாடம் வெளிவந்த ஒரு கல்லின் முன் அந்நூலோடு போய் உட்கார்ந்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. கல்லில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவில் நிற்கும். ஆகவே ஒரே சொல்லை இரண்டு மூன்று விதமாகப் படிக்க இடமுண்டு. பாடத்தை எழுதும்போது கல்லில் வரி எங்கே முடிகிறதோ அங்கேயே உங்கள் தாளிலும் வரியை முடித்து, சிதைந்த எழுத்துகளின் இடத்தில் புள்ளிகளை வையுங்கள். விட்ட இடத்தை ஊகித்து நிரப்பினால் அதை அடைப்புக்குறிக்குள் தனியாகக் காட்டுங்கள்.

நடுகற்களின் வாசகம் ஏறத்தாழ ஒரே கட்டமைப்பில் அமைந்தது: அரசன் பெயரும் ஆட்சியாண்டும், அவனுக்கு உட்பட்ட தலைவன், அத்தலைவனின் சேவகன், நிகழ்ச்சி, இறுதியில் பட்டான் கல் என்ற முடிப்பு. நிகழ்ச்சி பெரும்பாலும் தொறு எனப்படும் மாட்டு மந்தையைக் கவர்ந்ததோ மீட்டதோதான். செங்கம் பகுதியில் எடுத்தனூரில் கிடைத்த, மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எருமைகளைக் காக்கும் சண்டையில் கருந்தேவகத்தி என்பவன் இறந்ததைச் சொன்னபின், கோவிவன் என்ற அவனுடைய நாய் கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதையும் அது பதிந்திருக்கிறது. நாயின் உருவமும் கல்லில் உண்டு. இவ்வளவு சிறிய வாசகத்திலிருந்து எருமை வளர்ப்பு, கொள்ளை, சிற்றரசர் படிநிலை, நாய்க்குப் பெயரிடும் வழக்கம் ஆகியவற்றை உறுதியாக எழுதலாம். அவ்வீரன் இன்றைய எந்தச் சாதியைச் சேர்ந்தவன் என்பதை மட்டும் எழுத முடியாது. கல் அதைச் சொல்லவில்லை. நடுகல்லைத் தம் சமூகத்தின் உரிமைப் பத்திரமாக்க முயல்பவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். வாசகத்தை அப்படியே காட்டிவிட்டு அமைதியாக இருந்துவிடுவது நல்லது.

காலக் கணக்கில் சில எளிய விதிகள் உண்டு. சக ஆண்டோடு 78-ஐக் கூட்டினால் கி.பி. ஆண்டு ஏறத்தாழக் கிடைக்கும். கலியாண்டிலிருந்து 3101-ஐக் கழிக்க வேண்டும். பிரபவ முதலான அறுபதாண்டுப் பெயர் மட்டும் இருந்தால், அது எந்தச் சுற்று என்பதை வேறு சான்று கொண்டே முடிவு செய்ய வேண்டும். முதியவர்களின் பேச்சுக்கும் இது பொருந்தும். தாது வருசத்தில் எங்கள் பாட்டன் இந்த ஊருக்கு வந்தார் என்று ஒருவர் சொன்னால், அது சேலம் மாவட்டத்தையும் வாட்டிய பெரும்பஞ்சம் தொடங்கிய 1876-ஆகவும் இருக்கலாம், 1936-ஆகவும் இருக்கலாம். தலைமுறையை எண்ணிப் பார்த்துத்தான் தெளிய முடியும்.

தாள்களும் பேச்சும்

கல்லுக்கு அடுத்தது காகிதம். கிராம நிர்வாக அலுவலகத்திலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் உள்ள அ-பதிவேடு (ஊரின் நிலங்களைப் புல எண் வாரியாகப் பட்டியலிடும் பதிவேடு), கிராம வரைபடம், புலப்படம் ஆகியவற்றில் ஏரி, வாய்க்கால், வண்டிப்பாதை, மந்தைவெளி, சுடுகாடு, வரியின்றியோ குறைந்த வரியிலோ விடப்பட்ட இனாம் நிலம் எல்லாம் புல எண்ணோடு குறிக்கப்பட்டிருக்கும். இன்று வீடுகளாகிவிட்ட ஓர் இடம் ஒரு காலத்தில் சந்தைமேடாக இருந்தது என்பதை முதலில் சொல்வது பெரும்பாலும் இந்தப் பழைய வரைபடங்களே. கோயில், மடம், தர்கா, சத்திரம், தண்ணீர்ப் பந்தல் ஆகியவற்றுக்கு விடப்பட்ட நிலங்களை, 1858-இல் அமைந்த இனாம் ஆணையம் விசாரித்து எழுதிய பதிவேடுகள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். அங்கே போகுமுன் விண்ணப்பமும் அறிமுகக் கடிதமும் தேவையா என்பதைக் கேட்டுக்கொண்டு, பார்க்க வேண்டிய ஆண்டையும் வட்டத்தையும் முடிவு செய்துகொண்டு போனால் நாள் வீணாகாது. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தேர்ந்தெடுத்த சில கிராமங்களைப் பற்றித் தனி நூல்களே எழுதப்பட்டன. உங்கள் ஊரோ பக்கத்து ஊரோ அதில் இருந்தால் பெரும் பேறு.

வாய்மொழிக்கு வரும்போது கேள்வியின் வடிவம் முக்கியம். உங்கள் ஊர் வரலாற்றைச் சொல்லுங்கள் என்று கேட்டால், எல்லாரும் சொல்லும் அதியமான் கதைதான் வரும். கிணறு வெட்டியது யார், எந்தச் சந்தைக்கு எந்த வழியாகப் போனீர்கள், கூலி நெல்லாகவா கேழ்வரகாகவா கொடுத்தார்கள், பள்ளிக்கூடம் வருமுன் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் செய்தி வரும். ஆண்டு கேட்காதீர்கள், 1950-களில் கிருஷ்ணகிரி அணை கட்டும்போது உங்களுக்குக் கலியாணம் ஆகிவிட்டதா என்று கேளுங்கள். பதிவு செய்யலாமா, பெயரைப் போடலாமா, குரலைப் பிறருக்குக் கேட்கத் தரலாமா என்ற மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு, விடையையும் ஒலிப்பதிவிலேயே பதியுங்கள். யாரிடம் கேட்கிறோம் என்பது இன்னும் முக்கியம். ஊர்த்தெருவில் மட்டும் கேட்டால் நிலம் உடையவர்களின் வரலாறு கிடைக்கும். அதே ஏரியைப் பற்றிச் சேரித் தெருவிலும், இருளர் குடியிருப்பிலும், சித்தேரி மலையிலிருந்து இறங்கி வேலைக்கு வந்தவர்களிடமும், பெண்களிடமும் கேட்டால் ஏரியின் கதை வேறாக இருக்கும். ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசும் வீடுகளில் அவரவர் மொழி தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

கல், காகிதம், பேச்சு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கப் பழகுவதற்கு நான் பரிந்துரைப்பது அந்தப் பழைய ரயில் பாதையைத்தான். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இரண்டரை அடி அகலத்தில் 1906-இல் தொடங்கிய பாதை, 1913-இல் ஓசூர் வரை நீட்டிக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 1941-இல் மூடப்பட்டது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஓடிய மற்றொரு குறும்பாதையும் அதே ஆண்டில் மறைந்தது. கெசட்டியரில் மொரப்பூர்ப் பாதையின் வழித்தடம் கிடைக்கும். கிராம வரைபடத்தில் ரயில்வே நிலத்தின் நீண்ட கோடு புலப்படலாம். தடத்தை ஒட்டிய ஊர்களில் மண்மேடு, சிறு பாலம் போன்ற எச்சங்களைத் தேடலாம். தொண்ணூறைத் தாண்டியவர்கள் இன்னும் இருக்கும் வீடுகளில், அந்த வண்டி ஓடியது நினைவிருக்கிறதா என்று கேட்கலாம். இக்கடைசி வேலைக்கு இனி அதிகக் காலம் இல்லை.

பிறருக்குச் சொல்லுதல்

தொகுத்ததை முதலில் அந்த ஊருக்கே சொல்லுங்கள். ஒரு கல்லுக்கு ஒரு பக்கம் போதும்: படம், இருக்குமிடம், அளவு, வாசகம், இன்றைய தமிழில் பொருள், முன்னர் யார் பதிந்தார்கள், ஊரார் என்ன சொல்கிறார்கள் என்ற வரிசையில் எழுதி, பள்ளித் தலைமையாசிரியரிடமும் ஊராட்சியிலும் கொடுங்கள். ஊராரின் கதை வாசகத்தோடு முரண்பட்டாலும் அதை நீக்க வேண்டாம். கதை என்று குறித்துத் தனியே வையுங்கள். தம் வேடியப்பன் கல்லில் எழுதியிருப்பது என்ன என்பதை ஒரு முறை அறிந்துகொண்ட ஊரில், அக்கல்லைப் பெயர்த்துச் சாலையோரம் தள்ளுவது கடினமாகிவிடும். அறிவிப்புப் பலகையைவிட இதுவே வலுவான காவல் என்பது என் கருத்து.

கல் புதியது என்று உறுதியாகத் தெரிந்தால் மாவட்டத்தில் உள்ள தொல்லியல் அலுவலருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். விரிவான குறிப்பை ஆவணம் போன்ற இதழுக்கு அனுப்பலாம். கல்லை அருங்காட்சியகத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்று நீங்களே ஆலோசனை சொல்லாதீர்கள்; அழியும் நிலையில் இல்லாதவரை அது நின்ற இடமும் ஒரு சான்றுதான். தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுவதானால், ஏற்கெனவே வெளியான நம்பகமான ஆதாரம் உள்ளவற்றை மட்டுமே அங்கு ஏற்ற முடியும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். நீங்கள் எடுத்த படங்களை விக்கிமீடியா பொதுவகத்தில் கட்டற்ற உரிமத்தில் ஏற்றலாம். காவலற்ற பாறை ஓவியம், கல்திட்டை, தனியாக நிற்கும் சிலை ஆகியவற்றின் துல்லியமான இருப்பிடக் குறியீட்டைப் பொதுவில் தராமல், ஊர்ப்பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கைப்பேசியில் எடுத்த படத்தோடு இருப்பிடமும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், ஏற்றுமுன் அதை நீக்க வேண்டும்.

வெளியான பிறகு திருத்தங்கள் வரும். ஒருவர் உங்கள் பாடத்தில் பிழை சுட்டினால் பழைய வரியை அழிக்காமல், அதன் கீழ் புதிய பாடத்தையும், சுட்டியவர் பெயரை அவர் அனுமதியோடும், தேதியையும் சேருங்கள். படங்கள், ஒலிப்பதிவுகள், நோட்டின் நகல்கள் ஆகியவற்றில் ஒரு தொகுதியை மாவட்ட மைய நூலகமோ அருகிலுள்ள கல்லூரி நூலகமோ ஏற்றுக்கொண்டால் அங்கே வையுங்கள். பேசியவர் வெளியிட வேண்டாம் என்று சொன்ன பகுதிகளை அத்தொகுதியிலிருந்து முன்னதாகவே பிரித்துவிடுங்கள்.